சராசரியைத் தொடாதவர் எத்தனை பேர் தெரியுமா?

நூறு பேரை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு 100 ரூபாய் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தொட்டு, பூவா தலையா போடுங்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரே ஒரு ரூபாய் தர வேண்டும். கை காலியாக இருப்பவர் தர வேண்டாம். அவ்வளவுதான் விதி! திருட்டு இல்லை, சிபாரிசு இல்லை, பாட்டன் சொத்து இல்லை. இதையே லட்சக்கணக்கான தடவை செய்தால் என்ன ஆகும்? எல்லார் கையிலும் கிட்டத்தட்ட 100 ரூபாய்தானே இருக்கும்?

இல்லவே இல்லை! சுமார் 63 பேர் நூற்றுக்குக் கீழே இறங்கிவிடுவார்கள்! அவர்களில் ஒன்பது பத்துப் பேரிடம் பத்து ரூபாய்கூடத் தேறாது! ஐந்து பேர் முந்நூறைத் தாண்டியிருப்பார்கள்! மேலே இருக்கும் 20 பேரிடம் மொத்தப் பணத்தில் பாதிக்கும் மேல்!

பணம் இப்படிப் பிரியும் வளைவின் பெயர் அடுக்குக்குறிப் பரவல். காற்றின் மூலக்கூறுகள் மோதி மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்வதன் அடியில் இருப்பதும் இதே அடுக்குக்குறி விதிதான் என்றால் நம்ப முடிகிறதா?

மேரிலாந்து பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் திரகுலெஸ்குவும் யகோவென்கோவும் அமெரிக்கர்களின் வருமானக் கணக்கை இந்த வளைவின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 97 சதவீதம் பேர் அப்படியே பொருந்தினார்கள்! இதில் நமக்கும் பெருமை உண்டு. 1931-லேயே நம் இயற்பியலாளர்கள் மேகநாத் சாகாவும் ஸ்ரீவாஸ்தவாவும் தங்கள் வெப்பவியல் பாடநூலில், மூலக்கூறு கணக்கை மக்களின் வருமானத்துக்குப் போட்டுப் பார்க்க மாணவர்களைத் தூண்டியிருக்கிறார்கள்!

சரி, மீதி 3 சதவீதம்? அவர்கள் உலகமே வேறு!

அங்கே ஆட்சி செய்வது பரேட்டோ பரவல். வில்பிரடோ பரேட்டோ ரயில்வேயில் என்ஜினீயராக இருந்து பொருளாதாரத்துக்கு வந்த இத்தாலியர். 1890-களில் பல நாடுகளின் வரிக் கணக்குகளைத் தோண்டினார். எந்த ஊரை எடுத்தாலும், வளைவின் சரிவைச் சொல்லும் எண் சுமார் 1.5 என்றே திரும்பத் திரும்ப வந்து நின்றது! அந்த எண் என்ன செய்யும் தெரியுமா? ஒரு கோடிக்கு மேல் உள்ளவர்களின் சராசரி 3 கோடி! 100 கோடிக்கு மேல் உள்ளவர்களின் சராசரி 300 கோடி! எவ்வளவு ஏறினாலும் மேலே இருப்பவர்களின் சராசரி மூன்று மடங்கு தள்ளியே நிற்கும்! இந்தப் பரவலில் 100 பேருக்கு 81 பேர் சராசரியைத் தொடவே மாட்டார்கள்!

என் வயிற்றைப் பிசைந்த கணக்கு இனிமேல்தான். உங்களிடம் 1000, நண்பரிடம் 1000. மறுபடியும் பூவா தலையா. யாரிடம் குறைவோ, அவர் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பந்தயம். முதல் ஆட்டத்தில் நீங்கள் தோற்றீர்கள்: 800, 1200. அடுத்த பந்தயம் 160 ரூபாய். இப்போது நீங்கள் ஜெயித்தீர்கள்! ஆளுக்கொரு வெற்றி. கணக்கு நேராகிவிட்டதா? உங்களிடம் 960, அவரிடம் 1040! முதலில் வழுக்கியவர் வழுக்கியவர்தான்! இயற்பியலாளர் அனிர்பன் சக்ரபர்த்தி 2002-ல் ஆராய்ந்த விளையாட்டு இது. ஊரே சேர்ந்து ஆடிக்கொண்டே இருந்தால், கடைசியில் ஏறக்குறைய எல்லாப் பணமும் ஒரே ஆளிடம்! நாணயத்தில் ஒரு குறையும் இல்லாமலே!

சரி, பணத்தை உயரமாக்கிப் பார்ப்போமா? உலகிலேயே உயரமான மனிதர் என்று பதிவான ராபர்ட் வாட்லோ எவ்வளவு உயரம்? 272 சென்டிமீட்டர். நம்மில் இரண்டு மடங்குகூட இல்லை! உயரமும் வருமானத்தைப் போலவே பிரிந்திருந்தால்? 1971-ல் டச்சுப் பொருளியலாளர் யான் பென் அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனை செய்தார். வருமானம் எவ்வளவோ, உயரம் அவ்வளவு; சராசரி வருமானக்காரருக்கு நம் உயரம். பிரிட்டன் மக்கள் அனைவரும் ஒரே மணி நேரத்தில் நம்மைக் கடந்து போக வேண்டும். முதலில் வருபவர்கள் தலைகீழாக வருகிறார்கள்! தொழிலில் நஷ்டப்பட்டவர்கள். பிறகு குள்ளர்கள், குள்ளர்கள், குள்ளர்கள்! அரை மணி ஆகியும் குள்ளர்களே! நம் உயர ஆள் வர 48 நிமிடம் ஆகிறது! கடைசி நிமிடத்தில் பனைமரத்தை மிஞ்சும் உருவங்கள்! கடைசியாக எண்ணெய் அதிபர் பால் கெட்டி வருகிறார். அவர் உயரம் குறைந்தது 16 கிலோமீட்டர்! எவரெஸ்ட் அவர் இடுப்பைத்தான் தாண்டும்!