ஹோட்டன் சமவெளியிற் காடும் புல்வெளியும்: பரம்பலை நிருணயிக்கும் காரணிகள்

நுவரெலியா மாவட்டத்தின் தென்னெல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள ஹோட்டன் சமவெளியை நோக்குவோரின் கவனத்தை முதலில் ஈர்ப்பது, காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையேயுள்ள கூரிய எல்லையாகும். பள்ளங்களிற் புல், சாய்வுகளிலும் முகடுகளிலும் கீன முதலிய மரங்கள் நெருங்கிய குறுங்காடு. மழையும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தும் சில அடி தூரத்தினுள் தாவரம் மாறிவிடுகின்றது.

இதற்கு உறைபனி முக்கிய காரணி எனலாம். ஜனவரி, பெப்ருவரி மாதங்களின் முகிலற்ற இரவுகளில் குளிர்ந்து பாரமடையும் வளி சாய்வு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகின்றது. அங்கு முளைக்கும் மரக்கன்றுகள் கருகிவிட, அடிமட்டத்தில் அரும்பைக் கொண்ட புற்கள் பிழைக்கின்றன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இதனை நன்கறிவர். துகள் உறைபனி பெய்த காலையிற் கருகிக் கிடப்பவை தாழ்ந்த மலைகளின் கொழுந்துகளே. நீர் தேங்கும் ஈரப் பள்ளங்களிற் குட்டை மூங்கில் மண்டியிருத்தலும் வடிகாலின் விளைவாகும். இத்தகைய புல்வெளிக்கு வழங்கும் ‘பத்தனை’ என்னும் பெயர் அக்கரப்பத்தனை போன்ற தோட்டப்புற ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்வது சுவையானது.

ஆயினும் இயற்கைக் காரணிகளோடு விளக்கம் முற்றுப்பெறுவதில்லை. இங்கு 1977 வரை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. கைவிடப்பட்ட அந்நிலங்களிற் காடு எளிதில் மீளவில்லை. ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட முட்செடியான கோர்ஸ் புல்வெளியிற் பரவியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தொட்டுபொலகந்தைப் பகுதியில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது கவனிக்கப்பட்டுள்ளது.

பாதுகாக்கப்பட்ட பரப்பு என்பதே ஒரு வரலாற்று விளைபொருளாகும். 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என ஆலோசனை கூறினார். கோப்பிக்கென மலைக்காடுகள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த காலம் அது. எஞ்சிய முகட்டுக்காடு மூடுபனியின் ஈரத்தையும் பற்றி ஆறுகளுக்கு அளிப்பது. கீழேயுள்ள தோட்டங்கள் அந்நீரை நம்பியவை. நுவரெலியாவைச் சூழ அக்கோட்டுக்கு மேலும் தேயிலை நிற்பது, கோடு எவருக்காக நெகிழ்ந்தது என்பதைக் காட்டும். ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாயிற்று.

எல்லைக்கு வெளியே, டயகமப் பக்கத்தில், லயன்கள் உள்ளன. அங்கு அடுப்பெரிப்பது பெரும்பாலும் விறகே. தொழிற்சாலை உலைக்கும் விறகு வேண்டும். ஆனால் அதற்கெனத் தோட்டங்கள் யூக்கலிப்டசு நட்டன. லயன் அடுப்புக்கென எவரும் நட்டதாகச் சொல்வதற்கில்லை. எனவே காட்டோரத்தில் ஒரு பெண் சுமக்கும் விறகுக்கட்டு ‘மனிதத் தலையீடு’ என்ற பொதுத் தலைப்பினுள் அடங்கிவிடுகின்றது. பூங்காவின் விளிம்புத் தாவரத்தை வரைபடமாக்கும் ஆய்வாளர் உயரம், சாய்வு, மண்ணீர் ஆகியவற்றோடு, அண்மிய லயனுக்குள்ள தூரத்தையும் அந்த லயனுக்கு எரிபொருள் கிடைக்கும் வழியையும் அளவிடுதல் வேண்டும்.