கார்ட்லெஸ் போன் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும் லேண்ட்லைன் முழுசாக ஒழிந்துவிடவில்லை. வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடு, செல்போன் சிக்னல் உள்ளறைக்கு எட்டாத வீடு, கீழே கிளினிக்கும் மேலே குடித்தனமுமாக இருக்கும் வீடு என்று பல இடங்களில் அது இன்னும் ஒலிக்கிறது. மணி அடித்தால் அம்மா ஹாலுக்கு ஓடி வர வேண்டாமே என்றுதான் கார்ட்லெஸ் வாங்குகிறோம். கடைக்காரர் திரையின் வெளிச்சத்தையும், எத்தனை எண்களைச் சேமிக்கலாம் என்பதையும் காட்டுவார். அதெல்லாம் இருக்கட்டும். செட் நம்பகமானதா என்பது பெட்டியின் பின்புறத்திலும், அடாப்டரின் அடியிலும், பில்லிலும்தான் தெரியும்.

முதலில் அலைவரிசை. இன்று விற்பனையாகும் நல்ல கார்ட்லெஸ் செட்டுகள் பெரும்பாலும் ‘டெக்ட்’ வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இவை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படும் ‘டெக்ட் 6.0’ செட்டுகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. 6.0 என்பதைப் பார்த்துவிட்டு ஏதோ புது மாடல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அங்கே வைத்த விற்பனைப் பெயர், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது? நம் நாட்டில் 1920 முதல் 1980 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, செல்போன்கள் டவருக்குச் சிக்னல் அனுப்புவதற்காக ஒதுக்கப்பட்டது. மொபைல் நிறுவனங்கள் ஏலத்தில் காசு கொடுத்து எடுத்த அலைவரிசை அது. பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த செட்டை நீங்கள் இங்கே இயக்கினால், அதன் சிக்னல் பக்கத்து டவரின் காதில் இரைச்சலாக விழும். தெருவில் இருப்பவர்களின் அழைப்புகள் அறுபடலாம். ஏனென்று யாருக்கும் புரியாது. அனுமதி இல்லாமல் அந்த அலைவரிசையில் கருவியை இயக்குவது சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறையிடம் அலைவரிசைக் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. இரைச்சல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளும் அவர்களிடம் உண்டு. போதாததற்கு, அமெரிக்க செட்டின் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அடாப்டரைக் காப்பாற்றலாம், அலைவரிசையை மாற்ற முடியாது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் செட்டைக் கேட்காதீர்கள். சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தியாவில் சட்டப்படி விற்கப்படும் கம்பியில்லாக் கருவிக்கு, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் வகை ஒப்புதல் வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடு, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டி பின்வாசல் வழியாக வந்த சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அடாப்டரைத் திருப்பி பி.ஐ.எஸ். முத்திரையையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணையும் தேடுங்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, பலர் யோசிக்காத ஆபத்து: கரண்ட். பழைய கம்பி போனுக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தாமிரக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். கார்ட்லெஸ் அப்படியல்ல. கையில் இருக்கும் போனில் சார்ஜ் நிறைந்திருந்தாலும், அதை வைக்கும் அடித்தளத்துக்கு (பேஸ்) கரண்ட் இல்லை என்றால் டயல் டோன் வராது. ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் மாட்டிய மோடத்துக்கும் கரண்ட் வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரை கடந்தபோது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில்தான் 108-ஐ அழைக்க வேண்டியிருக்கும்.

நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் போகும்; ஹாலில் டி.வி. பக்கத்தில் இருக்கும் பிளக்குக்குப் போகாது. போன் செருகப்படுவது அந்தப் பிளக்கில்தான். மெயினை ஒருமுறை அணைத்துவிட்டு டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ்.ஸை அப்படியே போனுக்கும் செருகிவிடாதீர்கள், போனின் அடாப்டர் அளவு வேறாக இருக்கும். தாமிர இணைப்பு இன்னும் இருக்கும் வீட்டில் ஒரு சாதாரணக் கம்பி போனையும் மாட்டி வையுங்கள். என் கணக்கில், விலை உயர்ந்த கார்ட்லெஸை விட அந்தப் பழைய செட்டுக்குத்தான் ஆபத்து நேரத்தில் மதிப்பு அதிகம்.

பேட்டரி விஷயம் சின்னது, ஆனால் தவறு அதிகம் நடப்பது அதில்தான். பல செட்டுகளில் சின்ன பென்சில் செல் அளவிலான, 1.2 வோல்ட் நிக்கல் ரீசார்ஜபிள் பேட்டரி இரண்டு இருக்கும். அது தளர்ந்ததும் பெட்டிக்கடையில் சாதாரண 1.5 வோல்ட் செல் வாங்கிப் போட்டு, போனைச் சார்ஜ் தட்டில் வைத்தால் செல் கசியும், வெடிக்கவும் செய்யலாம். கம்பெனிக்கே உரிய தனிப் பேட்டரி கேட்கும் மாடலைத் தவிர்ப்பது நல்லது. பேட்டரி கிடைக்காமல் போனால் முழு செட்டும் குப்பைதான்.

ஒட்டுக்கேட்பு பயம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்டுக்கு முந்தைய பழைய அனலாக் கார்ட்லெஸ்களை ரேடியோ ஸ்கேனர் வைத்தே கேட்டுவிடலாம். டெக்டில் குறியாக்கம் உண்டு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதை ஒழுங்காகப் போடவில்லை என்பதை 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஆய்வாளர்கள் லேப்டாப்பும் மலிவான ஒரு கார்டும் வைத்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய செட் பரணில் கிடந்தால் எடுத்து மாட்டாதீர்கள். அடித்தளத்தின் ரகசிய எண் ‘0000’ என்றிருந்தால் முதல் நாளே மாற்றுங்கள்.

இனி உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே வகைதான். ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் சிவப்பு மையில் அச்சடித்துவிட்டதால் குறையுள்ள செட்டை உங்கள் தலையில் கட்டிவிட முடியாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு. அதற்குச் சட்டம் துணைக்கு வராது. அடாப்டர் தீப்பிடித்தோ பேட்டரி வெடித்தோ காயம் பட்டால் தயாரிப்பாளர் மீது இழப்பீடு கோரலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கு என்றால் விற்ற கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். வாரன்டி அட்டையில் பேட்டரியும் மின்னல் சேதமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை வாங்கும்போதே படியுங்கள்.

ஆன்லைனில் வாங்கியதா? அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். கடையிலோ கம்பெனியிலோ எழுத்தில் புகார் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். தெர்மல் தாளில் அச்சாகும் பில் அதற்குள் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே அதையும், பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.