தடுப்பதா, ஈடு பெறுவதா?

நமக்குப் பாத்தியமுள்ள பாதையை மறித்துப் பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பத் தொடங்குகிறார். அஸ்திவாரம் தோண்டியாயிற்று, செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. வேறோர் ஊரில், முன்பணம் பெற்றுக்கொண்ட வியாபாரி ஒருவர், ஒப்புக்கொண்ட நாளில் இயந்திரத்தை அனுப்பவில்லை. பாதிக்கப்பட்ட இருவரும் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் இருவரும் கேட்க வேண்டிய பரிகாரம் ஒன்றன்று. முதலாமவருக்குச் சுவர் எழாதிருக்க வேண்டும். இரண்டாமவருக்கு இழந்த பணம் திரும்ப வேண்டும்.

வரவிருக்கும் தீங்கைத் தடுப்பது உறுத்துக்கட்டளை; பேச்சு வழக்கில் இதனைத் தடையாணை என்கிறோம். நேர்ந்துவிட்ட தீங்கைப் பணத்தால் ஈடுசெய்வது இழப்பீடு. எதை, எப்போது கேட்பது என்பதில் தவறினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் பயன் கைக்கு எட்டாமல் போகக்கூடும்.

தடையாணை எப்போது கிடைக்கும்?

'ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்' என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வகுத்துரைக்கிறது. வழக்கை முழுமையாக விசாரித்தபின் தீர்ப்பின் வாயிலாக வழங்கப்படுவது நிரந்தர உறுத்துக்கட்டளை. எழுப்பிய சுவரை அகற்றுமாறு ஒரு செயலைச் செய்யப் பணிப்பது செயலுறுத்துக் கட்டளை. இழப்பை அளவிட வழியில்லாதபோதும், பணம் போதிய ஈடாகாதபோதும் நிரந்தரத் தடை வழங்கலாம் என்கிறது அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு.

தீர்ப்பு வரச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை சுவர் காத்திராது. எனவே 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை இடைக்காலத் தடைக்கு வழிசெய்கிறது. நீதிமன்றம் இங்கே மூன்று கேள்விகளை எழுப்புகிறது. முதல் நோக்கிலேயே வாதியிடம் விசாரிக்கத்தக்க வழக்கு உள்ளதா? தடை விதித்தால் பிரதிவாதிக்கு ஏற்படும் இடரைவிட, மறுத்தால் வாதிக்கு ஏற்படும் இடர் பெரிதா? அந்த இழப்பு பணத்தால் ஈடுசெய்ய இயலாததா? மூன்றுக்கும் விடை சாதகமாக அமைதல் வேண்டும். அவசரம் கருதி எதிர்த்தரப்பைக் கேளாமலே தடை விதிக்கப்பட்டால், அம்மனுவை 30 நாட்களுக்குள் முடிவுசெய்ய நீதிமன்றம் முயல வேண்டும் என்பதும் விதி.

தடையை மீறுவோரின் சொத்து ஜப்தி செய்யப்படலாம். மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையும் நேரலாம். அதேவேளை, போதிய காரணமின்றித் தடை பெற்று எதிர்த்தரப்பை அலைக்கழித்தவரே 50,000 ரூபாய் வரை ஈடு செலுத்த நேரிடலாம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தாமதமும் ஒரு தடையே. சுவர் உயர்ந்துகொண்டிருப்பதை வாளாவிருந்து பார்த்துவிட்டுப் பின்னர் வருபவருக்கு, அவர் அதற்கு இசைந்திருந்தார் என்று கருதி நீதிமன்றம் தடையை மறுக்கலாம்.

இழப்பீட்டின் அளவு

இயந்திரம் வராத வாடிக்கையாளரின் நிலைக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவில் இருவகை இழப்புக்கு ஈடு தருகிறது: ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைவது ஒன்று, மீறினால் இன்னது நேரும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இருதரப்பும் அறிந்திருந்தது மற்றொன்று. தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடு இல்லை. பண்டிகைக்கால ஆர்டர் ஒன்று அந்த இயந்திரத்தை நம்பியே உள்ளது என்று விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தவர், ஆர்டர் கைநழுவியதற்கும் ஈடு கேட்கலாம். தெரிவிக்காதவருக்கு அது எளிதன்று. இழப்பைக் குறைக்கத் தம்மால் இயன்றதை வாதி செய்தாரா என்பதும் கணக்கில் கொள்ளப்படும்.

மீறினால் இவ்வளவு தொகை என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அது முழுமையாகக் கிடைத்துவிடாது. அத்தொகையை மேல்வரம்பாகக் கொண்டு, நியாயமான ஈட்டையே 74ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டு வழக்கை, பொதுவாக மீறல் நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

இரண்டையும் கேட்கலாமா?

கேட்கலாம், பல வேளைகளில் கேட்டேயாக வேண்டும். தடையாணையுடன் சேர்த்தோ, அதற்குப் பதிலாகவோ இழப்பீடு வழங்க 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் வழக்குரையில் அதனைக் கோரியிருத்தல் வேண்டும். விடுபட்டிருந்தால், வழக்கு நடைபெறும் காலத்திலேயே திருத்தம் கோரிச் சேர்த்துக்கொள்ளலாம். தடை மட்டும் கேட்ட வழக்கு தள்ளுபடியாகிவிட்டால், அதே மீறலுக்காக இழப்பீடு கோரிப் பின்னர் தனி வழக்குத் தொடுக்க அப்பிரிவு இடந்தருவதில்லை. ஒரு வரியை எழுதாமல் விட்டதால் இரு பரிகாரங்களையும் இழக்கும் நிலை இது.

வங்கி உத்தரவாதமும் தடையும்

தொழில் புரியும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. 'ஒப்பந்தத்தில் தகராறு இருக்கிறது. உத்தரவாதத் தொகையை எதிர்த்தரப்புக்கு வங்கி கொடுக்காமலிருக்கத் தடை வாங்க முடியாதா?' நிபந்தனையற்ற உத்தரவாதம் என்பது வங்கி தானே அளித்த தனி வாக்குறுதி. மூல ஒப்பந்தத்தின் தகராறு அதனைக் கட்டுப்படுத்தாது. மிகக் கொடிய மோசடி, மீட்கவியலாத இழப்பு ஆகிய அரிதான சூழல்களில் மட்டுமே தடை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உரைத்துள்ளது. காரணம் நாம் மேலே கண்டதுதான்: அங்கே பறிபோவது பணம், பணத்தைப் பின்னர் வழக்கிட்டு மீட்கலாம். ஆகவே உத்தரவாதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதன் வாசகத்தை ஊன்றிப் படித்தல் நலம்.

வழக்கறிஞரைக் காணச் செல்லும்போது பத்திரங்கள், கடிதங்கள், பணம் செலுத்திய சான்றுகள், தேதியிட்ட நிழற்படங்கள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்வோம். 'இந்தத் தீங்கு நடந்து முடிந்தால், பணம் அதனைச் சரிசெய்யுமா?' என்ற கேள்வியை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். சரிசெய்யும் எனில், கணக்கைத் திரட்டுவோம். சரிசெய்யாது எனில், செங்கல் இறங்கிய அன்றே புறப்படுவோம்.