எட்டு வெள்ளிக் கோழி கற்றுத் தந்த பாடம்

“கோழி எங்கம்மா எட்டு வெள்ளிக்கு விக்குது? நீ வாங்கிட்டு வந்து காட்டு, பார்ப்போம்!”

என் மடிக்கணினியில் இருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்ட கேள்வி இது. பல்கலைக்கழகச் செயல்திட்டத்திற்காக, எங்கள் சித்தியவான் வட்டாரத்தில் கோழி விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றைச் செய்திருந்தேன். அதற்கான தரவு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் ‘பிரைஸ்கேட்சர்’ திட்டத்தில் கிடைத்தது. கடைகளிலும் சந்தைகளிலும் எடுக்கப்படும் அந்த விலைகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

நான் எழுதிய நிரல் தினமும் காலையில் தானாகவே அந்த விலைகளைப் பதிவிறக்கும். எங்கள் வட்டாரத்துக் கடைகளைப் பிரித்தெடுக்கும். சராசரி கண்டு வரைபடத்தைப் புதுப்பிக்கும். இப்படித் தரவு ஓரிடத்தில் புறப்பட்டு, பல படிகளைக் கடந்து, பயன்படுத்துபவரிடம் வந்து சேரும் ஏற்பாட்டைக் கணினித் துறையில் ‘டேட்டா பைப்லைன்’ என்பார்கள். தமிழில் தரவுக் குழாய் எனலாம்.

பிழை எங்கே நடந்தது? ஐந்து கடைகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் கோழி கிலோ 10 வெள்ளி. ஐந்தாவது கடையில் அன்று விலை எடுக்கப்படவில்லை. காலியாக இருந்த அந்தக் கட்டத்தை என் நிரல் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. 40ஐ 5ஆல் வகுத்தால் 8. நிரல் பாதியில் நிற்கவில்லை. எச்சரிக்கையும் வரவில்லை. தவறான விடையை அழகாக வரைந்து காட்டியது. அம்மா சந்தைக்குப் போகாதவராக இருந்திருந்தால், அதையே விரிவுரையாளரிடம் ஒப்படைத்திருப்பேன்.

எனக்கு நேர்ந்தது சிறிய தவறு. இதே வகைத் தவறு இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு பெரிய அளவில் நடந்தது. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கோவிட்-19 முடிவுகளை அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுச் சம்பவங்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. தொற்று கண்டவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமானது. ‘வந்த வரிசைகள் எத்தனை, ஏறிய வரிசைகள் எத்தனை?’ என்று ஒவ்வொரு முறையும் தானாகக் கேட்கும் ஒரு சிறு சோதனை இருந்திருந்தால், முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். “எங்க ஸ்டோர்ல வாளிய கொண்டுபோனா, உடனே தொட்டியில ஊத்த விடமாட்டாங்க. முதல்ல வடிகட்டுவாங்க, நிறுப்பாங்க, அப்புறம் சோதிச்சுப் பார்ப்பாங்க” என்றார். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்பதை, அதில் மிதக்கவிடும் ‘மெட்ரோலாக்’ என்ற கருவி காட்டும். தண்ணீர் கலந்த வாளியை ஊற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். தொட்டியில் ஊற்றிவிட்டால் யாருடைய பால் எது என்று பிரிக்க முடியாது. தரவும் அப்படித்தான். கலந்த பிறகு பிழையைத் தேடுவது பெரும்பாடு.

ஆகவே, என் தரவுக் குழாயில் இப்போது இரண்டு வகைச் சோதனைகளை வைத்திருக்கிறேன். முதலாவது, தரவுக்கான சோதனை. இன்று வந்த கோப்பு காலியாக உள்ளதா? தேதி சரியா? ஏதேனும் விலை சுழியமாகவோ 100 வெள்ளியாகவோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் குழாய் அங்கேயே நின்றுவிடும்; எனக்கு மின்னஞ்சல் வரும். நேற்றைய வரைபடமே தளத்தில் இருக்கும். பழைய சரியான தகவல், புதிய தவறான தகவலைவிட மேல்.

இரண்டாவது, நிரலுக்கான சோதனை. நான்கு கடைகளில் 10 வெள்ளி, ஒன்றில் காலி என்ற சிறு பட்டியலை நிரலிடம் கொடுக்க வேண்டும். விடை 10 வர வேண்டும். 8 வந்தால் தோல்வி. பைத்தான் மொழியில் இதற்குப் ‘பைடெஸ்ட்’ என்ற இலவசக் கருவி உண்டு. நிரலில் நான் ஒரு வரியை மாற்றி ‘கிட்ஹப்’ தளத்தில் ஏற்றினாலும், ‘கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்’ சேவை எல்லாச் சோதனைகளையும் தானாக ஓட்டிப் பார்க்கிறது. தேறினால் மட்டுமே புதிய நிரல் பயன்பாட்டுக்குப் போகும்.

பயன்பாட்டுக்குக் கொண்டுபோகும் வேலையைக்கூட ஏன் தானியங்கியாக்க வேண்டும்? அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனத்தின் கதை இதற்குப் பதில் சொல்லும். அங்கே புதிய நிரலைக் கையால் ஏற்றியவர் எட்டுக் கணினிகளில் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. 2012 ஆகஸ்டு 1ஆம் தேதி சந்தை திறந்ததும், அந்த ஒரு கணினியில் கிடந்த பழைய நிரல் தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். மனிதர் மறப்பார், களைப்படைவார். எட்டுக் கணினிகளிலும் ஒரே நிரல் ஏறியதா என்று பார்ப்பது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை.

ஆனால், எதைச் சோதிக்க வேண்டும் என்பதை இயந்திரம் தானே அறியாது. ‘கோழி விலை 5 வெள்ளிக்கும் 20 வெள்ளிக்கும் இடையில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் நான் எழுதியிருந்தால், 8 வெள்ளி தாராளமாகத் தேறியிருக்கும். சந்தை விலை தெரிந்த அம்மாதான் அதைப் பிடித்தார். அவருடைய கேள்வி இப்போது என் நிரலில் ஒரு சோதனையாக இருக்கிறது. தினமும் காலையில் கேட்கப்படுகிறது.

கணினி அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, பயிற்சிக்குத் தரவு தேடி அலைய வேண்டாம். நம் சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் கிட்ஹப்பில் வெளியிடத் தொடங்கிய கோவிட்-19 தரவுகளும், பிரைஸ்கேட்சர் விலைகளும் இருக்கின்றன. உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு தரவுக் குழாய் அமைத்துப் பாருங்கள். விடை வந்ததும், அந்த விஷயத்தை நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால், உங்கள் முதல் சோதனை கிடைத்துவிட்டது.