சொல் சுடும்போது

ஆங்கில நூல் மதிப்புரைகளில் 'ஸ்கெயிதிங்லி' என்ற வினையடை அடிக்கடி வருகிறது. அதனைக் 'கடுமையாக' என்று தமிழாக்கினால் போதாதா என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். போதாது என்பதே என் விடை.

கடுமையாக உழைக்கலாம், மழையும் கடுமையாகப் பெய்யலாம். இச்சொல்லோ கண்டனத்துக்கே உரியது. இதன் அடிச்சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஊறு செய்தல் என்பது அதன் பொருள். 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' காவியத்தில், வானத்து நெருப்பால் கருகிய மரங்களுக்கு மில்டன் இவ்வடிச்சொல்லையே ஆண்டார். கருக்குதல் என்ற இப்பொருளே பிற்காலத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஏறியது. குரலை உயர்த்தாமலும் இவ்வாறு கண்டிக்கலாம். சூடு குரலில் அல்ல, சொல்லில்.

'காரசாரமாக' என்றால் இருதரப்பு வாதம் நினைவுக்கு வரும். 'சுடச்சுட' என்றால் உடனடிப் பதில் என்றாகிவிடும். 'சுட்டெரிக்கும் வகையில்' என்பதே பொருத்தமாகும். சுடுசொல் என்ற வழக்கு நம்மிடம் உண்டு. தீப்புண் ஆறினாலும் நாவினால் சுட்ட வடு ஆறாது என்பது வள்ளுவர் கருத்துமாகும்.

ஆங்கிலக் கவிஞர் கீற்ஸின் கதை இதற்குத் தக்க சான்று. அவரது 'என்டிமியன்' என்ற நெடுங்கவிதை 1818இல் வெளிவந்தது. 'குவாட்டர்லி றிவியூ' அதனைச் சுட்டெரிக்கும் வகையில் விமர்சித்தது. நான்கு பாகங்களில் முதலாவதற்கு அப்பால் தம்மால் வாசிக்க முடியவில்லை என்பதையும் விமர்சகர் அதிலேயே ஒப்புக்கொண்டார்! 'பிளாக்வூட்ஸ்' சஞ்சிகையோ, மருந்தாளராகப் பயிற்சி பெற்றிருந்த கவிஞரை மருந்துக் கடைக்கே திரும்பிப் போகச் சொன்னது. அப்போது கீற்ஸின் வயது 22.

1821இல் அவர் றோம் நகரில் காலமானார். மதிப்புரையே அவரைக் கொன்றது என்ற எண்ணத்தை ஷெல்லியின் இரங்கற்பா பரப்பியது. உண்மையில் அவரது உயிரைப் பறித்தது காசநோய். கண்டனங்களுக்கு அடுத்த ஆண்டான 1819இலேயே அவர் தமது புகழ்பெற்ற கவிதைகள் பலவற்றை எழுதினார்.

குறையைச் சுடுவது திறனாய்வு. ஆளைச் சுடுவது வசை. நூலை முழுதும் வாசியாதவருக்குச் சுடும் உரிமை ஏது? இளம் எழுத்தாளரின் முதல் நூலைக் கையிலெடுக்கும் நாமும் இவ்வேறுபாட்டை மனங்கொள்வோமாக.