வக்கீல் கோட்டை விட்டார், வீட்டை மீட்டோம்!

வீடு வாங்குவது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆயுளில் ஒரு தடவை நடக்கிற காரியம். நகையை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்து, "வக்கீல் பார்த்துச் சரின்னு சொல்லிட்டார்" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறோம். அந்த வக்கீலே கோட்டை விட்டால்? எங்கள் குடும்பத்தில் அப்படி நடந்தது. சமாளித்து மீண்டோம். சகோதரிகளுக்குப் பயன்படுமே என்றுதான் அந்த விவரத்தை எழுதுகிறேன்.

விடுபட்ட கையெழுத்து

நாங்கள் வாங்கியது திருச்சியில் ஒரு பழைய வீடு. அதைக் கட்டியவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் என்று நான்கு பேருடைய பெயரும் வாரிசுச் சான்றிதழில் இருந்தன. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்ததோ அம்மாவும் பிள்ளைகளும் மட்டும்.

"பொண்ணு கையெழுத்து வேண்டாமா சார்?" என்று வக்கீலிடம் நான் நேரிலேயே கேட்டேன்.

"அதெல்லாம் கல்யாணம் பண்ணி, சீர் செஞ்சு அனுப்பியாச்சும்மா. வில்லங்கம் சுத்தமா இருக்கு. பயப்படாதீங்க" என்றார். சொத்தில் குறையில்லை என்று லீகல் ஒப்பீனியனும் எழுதிக் கொடுத்தார்.

குடி வந்த எட்டாவது மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டில் தன் கால் பாகம் வேண்டுமாம்!

அவர் கேட்டது நியாயம்தான். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பெண்ணுக்கும் சமமாக ஒரு பங்கு உண்டு. கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் அந்த உரிமையை அழித்துவிடாது. வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். சாவும் வாரிசும் அதில் தெரியாது. வக்கீலுக்கு இது பாலபாடம் அல்லவா?

முதலில் கட்டு, பிறகு கோபம்

என் கணவர் கொதித்துப் போய் வக்கீலிடம் சண்டைக்குக் கிளம்பினார். "கத்தினா பேப்பர் வருமாங்க? முதல்ல நம்ம கட்டை வாங்கிட்டு வாங்க" என்றேன். கட்டணம் பாக்கி என்ற காரணத்துக்காகக்கூட கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் வருஷமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒப்பீனியன், கட்டண ரசீது, நோட்டீஸ் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் அடுக்கினேன்.

பிறகு, அவருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வக்கீல் அம்மாளைப் பார்த்தோம். "வீட்டைச் சரி பண்றது ஒரு வேலை. அந்த வக்கீலைக் கேள்வி கேக்கறது இன்னொரு வேலை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முதல்ல வீடு" என்று தெளிவாகச் சொன்னார்.

எங்கள் கிரயப் பத்திரத்தில், பின்னால் வில்லங்கம் ஏதும் வந்தால் விற்றவர்களே தங்கள் செலவில் தீர்த்துத் தர வேண்டும் என்ற வாசகம் இருந்தது. அதைக் காட்டி அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். அந்தப் பெண்ணையும் பேச அழைத்தோம். வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் பொறந்த வீடு இது. உங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. எனக்கும் அப்பாதானே? என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்று கண் கலங்கினார். எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் பெண்தானே?

ஐந்து மாதம் இழுத்தது. கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் தங்கைக்கு உரிய பணத்தைக் கொடுத்தார்கள். அவர் தம் கால் பாகத்தை எங்களுக்குத் தனியாகக் கிரயம் செய்து கொடுத்தார். அந்தக் கால் பாகத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மறுபடியும் எங்கள் தலையில்தான் விழுந்தது.

வக்கீலை என்ன செய்யலாம்?

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். அந்த வழி இப்போது இல்லை. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மீதி இருப்பவை இரண்டு வழிகள்.

ஒன்று, பார் கவுன்சில். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் தொழில் ஒழுங்கீனம் பற்றிப் புகார் கொடுக்கலாம். கண்டிக்கவும், தொழில் செய்யத் தடை போடவும், பெயரையே நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. நம் நஷ்டத்தை வாங்கித் தருவது அதன் வேலையல்ல.

மற்றொன்று, சிவில் கோர்ட். அஜாக்கிரதையால் கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தால் வக்கீல் மேலும் வழக்குப் போடலாம் என்று 1926-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது.

நாங்கள் முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டோம். திட்டு ஒரு வரிகூட இல்லை. என்ன கேட்டோம், என்ன சொன்னார், என்ன நஷ்டம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், அவ்வளவுதான். பதில் இல்லை. பார் கவுன்சிலுக்குப் போவதாக இரண்டாவது கடிதம் எழுதியதும் ஆளே தேடி வந்தார். கட்டணம் முழுவதையும், பத்திரச் செலவில் பாதியையும் கொடுத்தார். மீதிக்காகக் கோர்ட் ஏறினால் ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து அத்தோடு விட்டோம்.

வீடு வாங்கப் போகிற சகோதரிகளே! வக்கீல் சொல்வதை வாயால் மட்டும் கேட்காமல் எழுத்தில் வாங்கி வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒப்பீனியன்தான். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், பாருங்கள். மளிகைக் கணக்கைச் சரிபார்ப்பது போல, வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களையும் பத்திரத்தில் உள்ள கையெழுத்துக்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரு பெயர் குறைந்தாலும், அந்தக் கையெழுத்து வரும்வரை பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். விடுபடுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயராகத்தான் இருக்கும்!