பூமிக்கு அடியில் ஒரு நீச்சல் குளம்!
80 ஆண்டுகளாகத் தயாராக இருக்கும் பின்லாந்து

ஹெல்சிங்கி நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. குழந்தைகள் அங்கே நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்கள் நீந்திவிட்டு, நீராவி அறையில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிறார்கள். மற்றக் குளங்களுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இது பாறையைக் குடைந்து, பூமிக்கு அடியில் கட்டப்பட்டது.

யுத்தம் வந்தால் குளத்துத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். 72 மணி நேரத்துக்குள் அது 3,800 பேர் தங்கக்கூடிய பதுங்கும் இடமாக மாறிவிடும்!

இப்படிப்பட்ட இடங்கள் பின்லாந்து நாட்டில் சுமார் 50,500 இருக்கின்றன. 48 லட்சம் பேர் அவற்றில் புகுந்துகொள்ளலாம். நாட்டின் மொத்த ஜனத்தொகையே 56 லட்சம்தான். பெரிய கட்டிடம் எழுப்புகிறவர்கள் அதில் பதுங்கும் அறையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலானவை அடுக்கு மாடி வீடுகளுக்குக் கீழே இருக்கின்றன. சாதாரண நாட்களில் குடித்தனக்காரர்கள் அங்கே சைக்கிளையும் பழைய சாமான்களையும் போட்டு வைக்கிறார்கள்.

எதற்காக இத்தனை ஏற்பாடு? அதைத் தெரிந்துகொள்ள 1939-ம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

ரஷியா கேட்ட நிலம்

பின்லாந்து, ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. அதன் கிழக்கு எல்லை முழுவதும் ரஷியாதான். இன்றைய எல்லையின் நீளம் 1,340 கிலோ மீட்டர். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம் என்று ஏறக்குறையச் சொல்லலாம்.

1809 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்லாந்து, ரஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1917 டிசம்பர் 6-ந் தேதி சுதந்திரம் அடைந்தது.

1939-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஸ்டாலின், பின்லாந்துத் தூதுக் குழுவை மாஸ்கோவுக்கு அழைத்தார். "எல்லையைப் பின்னால் தள்ளிக்கொள்ளவேண்டும். சில தீவுகளைக் கொடுக்கவேண்டும். கடற்படைக்கு ஒரு துறைமுகம் குத்தகைக்கு வேண்டும். பதிலாக வேறு இடத்தில் நிலம் தருகிறோம்" என்பது ரஷியாவின் கோரிக்கை. லெனின்கிராடு நகரம் எல்லைக்கு மிக அருகில் இருந்ததுதான் அவர்கள் சொன்ன காரணம்.

பின்லாந்து அரசாங்கம் மறுத்தது. சுதந்திர நாடு, மறுப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் மறுக்கிறவர் கையில் தடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா? அங்கேதான் கோளாறு.

நாட்டின் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மன்னர்ஹைம் என்ற முதிய தளபதி. "ஆயுதம் வாங்கப் பணம் கொடுங்கள்" என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் வெகு தூரம். ராஜினாமா செய்யப்போவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். 1939 ஆகஸ்டு மாதத்தில் பிரதமர் கயாண்டர் பேசிய ஒரு பேச்சை அந்த நாட்டார் இன்னும் மறக்கவில்லை. கிடங்கில் கிடந்து துருப்பிடிக்கும் ஆயுதங்களுக்குப் பணத்தை வீணாக்கவில்லை என்பது அதன் சாரம்.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 30-ந் தேதி, ஹெல்சிங்கி மீது குண்டு விழுந்தது.

வீட்டுச் சட்டையோடு போர்முனைக்கு

போருக்கு அழைக்கப்பட்ட ஏராளமான இளைஞர்களுக்குச் சீருடை இல்லை. ஒரு துப்பாக்கி, ஒரு இடுப்பு வார், தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னம், கிடைத்தது அவ்வளவுதான். வீட்டில் இருந்து போட்டு வந்த சட்டையோடும் கம்பளியோடும் போர்முனைக்குப் போனார்கள். அந்த உடைக்கு ஜனங்கள் ஒரு கேலிப் பெயரும் வைத்தார்கள். "கயாண்டர் மாடல்"!

அப்போது பின்லாந்தின் ஜனத்தொகை 37 லட்சம். எதிரியோ உலகத்தின் பெரிய படைகளில் ஒன்று. ஆனாலும் சண்டை 105 நாள் நடந்தது. உறைபனியில், பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, காட்டுப் பாதைகளில் பதுங்கித் தாக்கினார்கள். உலகமே வியந்தது.

வியந்ததோடு சரி. சர்வதேச சங்கம் ரஷியாவை வெளியேற்றியது. சுவீடனில் இருந்து தொண்டர்கள் வந்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் பெரும் படை அனுப்புவதாகப் பேசிக்கொண்டே இருந்தன. அந்தப் படை வந்து சேரவே இல்லை.

1940 மார்ச் 13-ந் தேதி சண்டை நின்றது. ஏறத்தாழ 25 ஆயிரம் பின்லாந்துக்காரர்கள் உயிர் இழந்திருந்தார்கள். வீப்புரி என்ற அழகிய நகரமும் கரேலியா மாகாணத்தின் பெரும் பகுதியும் கைவிட்டுப் போயின. 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் மேற்கே நடந்தார்கள். நாட்டில் ஒன்பது பேரில் ஒருவர் வீடு இழந்தவர்!

1941-ல் இழந்ததை மீட்கும் ஆசையில் பின்லாந்து, ஜெர்மனியின் பக்கம் நின்று மறுபடியும் போரில் இறங்கியது. பழைய எல்லையையும் தாண்டிப் போயிற்று. அது தப்புக் கணக்கு. 1944-ல் மீண்டும் தோல்வி. இந்த முறை அபராதமும் சேர்ந்தது. 30 கோடி டாலர் பெறுமான கப்பல், எந்திரம், மரச் சாமான்களை ரஷியாவுக்குக் கொடுக்கவேண்டும். ஹெல்சிங்கிக்குப் பக்கத்திலேயே போர்க்கலா என்ற இடத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கு விடவேண்டும்.

போர்க்கலா வழியாகத்தான் ஒரு முக்கியமான ரெயில் பாதை போகிறது. 1947-ல் அந்த வழியே பின்லாந்து ரெயில்களைப் போகவிட்டார்கள். ஆனால் எல்லை வந்ததும் பெட்டிகளின் ஜன்னல்களைப் பலகை போட்டு மூடிவிடுவார்கள். ரஷிய எஞ்சின் வந்து இழுத்துச் செல்லும். சொந்த மண்ணில் போகும்போது வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது! "உலகத்திலேயே நீளமான சுரங்கப் பாதை இதுதான்" என்று பயணிகள் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு கை வணக்கம், ஒரு கை தானியம்

போருக்குப் பிறகு ஜனாதிபதி ஆனவர் பாசிகிவி. 1939-ல் ஸ்டாலினோடு பேசப்போன குழுவின் தலைவர் இவர்தான். அவருடைய எண்ணம் எளிமையானது. பூகோளத்தை மாற்ற முடியாது. ரஷியா எங்கேயும் போய்விடாது. சண்டைக்காரனாக இருக்கிற பக்கத்து வீட்டுக்காரனைப் பயம் இல்லாதவனாக ஆக்கவேண்டும். அவனைத் தாக்குவதற்கு எவரும் பின்லாந்தைப் பாதையாகப் பயன்படுத்த முடியாது என்று அவனுக்கு நம்பிக்கை வரவேண்டும்.

1948-ல் ரஷியாவோடு ஒரு நட்பு உடன்படிக்கை ஏற்பட்டது. 1952-ல் அபராதத்தின் கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டுதான் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்திய ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வாங்கியதும் அங்கேதான். 1956-ல் போர்க்கலா திரும்பக் கிடைத்தது. குத்தகை முடிய 38 ஆண்டுகள் பாக்கி இருந்தன!

இது வெளியே தெரிந்த பாதி. மறு பாதி உள்ளே நடந்தது. ஆண்கள் ராணுவப் பயிற்சி பெறுவது கட்டாயமாக நீடித்தது. பயிற்சி முடிந்ததும் இளைஞர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அழைத்தால் வரவேண்டும். நிற்கும் படை சிறியது. எழுந்து வரக்கூடிய படை பெரியது. போர் விமானங்களை ஒரே கடையில் வாங்கவில்லை. பிரிட்டனிடம் நாட், ரஷியாவிடம் மிக், சுவீடனிடம் டிராக்கன் என்று பங்கு போட்டு வாங்கினார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கொடுத்த விலை

இதை எல்லாம் சும்மா கிடைத்ததாக நினைக்கக் கூடாது.

1956 முதல் 1982 வரை ஜனாதிபதியாக இருந்தவர் கெக்கோனன். 1961 அக்டோபரில் ரஷியாவிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. உடன்படிக்கைப்படி ராணுவ ஆலோசனை நடத்தவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. நாடு நடுங்கியது. கெக்கோனன் சைபீரியாவில் உள்ள நவசிபீர்ஸ்க் நகருக்குப் போய்க் குருசேவைச் சந்தித்தார். ஆலோசனை தள்ளிப்போடப்பட்டது. ஆபத்து நீங்கியது. ஆனால் அதே சமயத்தில், தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரும் விலகிக்கொண்டார்! அந்தக் கடிதம் யாருக்காக வந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

1973-ல் தேர்தலே இல்லாமல், தனிச் சட்டம் போட்டு அவருடைய பதவிக் காலத்தை நான்கு ஆண்டு நீட்டினார்கள். ரஷியச் சிறை முகாம்களைப் பற்றிச் சோல்செனிட்சின் எழுதிய புத்தகத்தை ஹெல்சிங்கிப் பதிப்பகம் வெளியிடத் தயங்கியது. பின்லாந்து மொழிப் பதிப்பு சுவீடனில் அச்சாயிற்று. வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த காலம் அது. சுதந்திரம் காப்பாற்றப்பட்டது உண்மை. அதில் ஒரு துண்டு ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்ததும் உண்மை.

முதலாளியும் தொழிலாளியும் ஒரே வகுப்பில்

கடிதம் வந்த அதே 1961-ல் இன்னொரு காரியமும் தொடங்கியது. எம்.பி.க்கள், அதிகாரிகள், கம்பெனி முதலாளிகள், தொழிற்சங்கத் தலைவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் ஆகியோரை அழைத்து, ஒன்றாக உட்கார வைத்துத் தேசப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறார்கள். சுமார் மூன்றரை வாரம். துறைமுகம் மூடிக்கொண்டால் என்ன செய்வது? மின்சாரம் நின்றால்? வங்கி திறக்காவிட்டால்? அழைப்பு வருவதையே கௌரவமாக நினைக்கிறார்கள். முக்கியமான பலன் என்னவென்றால், நெருக்கடி வரும்போது ஒருவருக்கு ஒருவர் முகம் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

தானியம், எண்ணெய், மருந்து ஆகியவற்றைச் சேமித்து வைக்கத் தனி இலாகாவே இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாத தானியம் எப்போதும் கையிருப்பு. 2020-ல் கொரோனா வந்தபோது மற்ற நாடுகள் முகக் கவசத்துக்கு அலைந்தன. பின்லாந்து கிடங்கைத் திறந்தது. ஆனால் அங்கேயும் ஒரு சறுக்கல். மேலும் தேவை என்று அவசர அவசரமாக வெளியே வாங்கிய கவசங்கள் ஆஸ்பத்திரிக்கு உதவாதவை என்று தெரிந்தது. இலாகாத் தலைவர் பதவி விலகினார். பழைய சரக்கு காப்பாற்றியது; அவசரச் சரக்கு காலை வாரிவிட்டது!

குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. மூன்று நாளைக்குத் தேவையான தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, பாட்டரியில் பாடும் ரேடியோ, டார்ச் விளக்கு ஆகியவை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தொலைபேசியில் ஒரு பேச்சு

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. ரஷிய வியாபாரம் படுத்தது. பின்லாந்தில் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. அந்தக் கஷ்டத்திலும் 1992-ல் அமெரிக்காவிடம் 64 ஹார்னெட் போர் விமானங்கள் வாங்க முடிவு செய்தார்கள். "இனி எதிரி யார்?" என்று ஐரோப்பா கேட்டது. சுவீடன் 2010-லும் ஜெர்மனி 2011-லும் கட்டாய ராணுவப் பயிற்சியை நிறுத்தின. பின்லாந்து நிறுத்தவில்லை. 1995 முதல் விரும்பிய பெண்களும் சேர்ந்தார்கள்.

2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷியப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. பின்லாந்தின் கிழவர்களுக்கு 1939 நினைவு வந்தது. அதுவரை நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர விரும்பாமல் இருந்த ஜனங்கள், சில வாரங்களில் மனம் மாறினார்கள்.

மே 14-ந் தேதி ஜனாதிபதி நீனிஸ்டோ, ரஷிய ஜனாதிபதி புட்டினுக்குத் தாமே டெலிபோன் செய்தார். "நாங்கள் நேட்டோவில் சேர மனுப் போடப்போகிறோம்" என்ற செய்தியை நேரில் சொல்வதுபோலச் சொன்னார். மறைத்து எதுவும் செய்யவில்லை. இரு கைகளில் ஒன்றை இறக்கும்போதும் சொல்லிவிட்டுத்தான் இறக்கினார்கள்.

மூன்று நாள் கழித்துப் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு. ஆதரவு 188. எதிர்ப்பு 8. 2023 ஏப்ரல் 4-ந் தேதி பின்லாந்து, நேட்டோவின் 31-வது உறுப்பினர் ஆயிற்று. வெறுங்கையோடு போய் அடைக்கலம் கேட்கவில்லை. போர்க் காலத்தில் 2 லட்சத்து 80 ஆயிரம் பேரைக் களத்தில் நிறுத்தும் ஏற்பாட்டோடு போயிற்று.

இதற்கும் செலவு உண்டு. 64 ஹார்னெட் விமானங்களுக்குப் பதிலாக 64 புதிய எப்.35 விமானங்கள் வாங்க 2021 டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது. பல நூறு கோடி யூரோ பிடிக்கும். அவ்வளவும் ஜனங்களின் வரிப் பணம்.

2023 கடைசியில் ரஷிய எல்லையின் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. இமாத்ரா, லாப்பீன்ராண்டா போன்ற எல்லையோர ஊர்களுக்கு ஒரு காலத்தில் ரஷியர்கள் கார் கார் ஆக வந்து சாமான் வாங்கிப் போவார்கள். கடைக்காரர்கள் ரஷிய மொழியில் பலகை எழுதி வைத்திருந்தார்கள். சாவடி மூடியதும் அந்த வியாபாரம் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் உறவினர்களை உடையவர்கள், சில மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், வேறு நாடுகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று.